முதல் மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளின் ‘அலர்ட்’ முறை சொல்லும் பாடம்

1970-களின் நடுப்பகுதி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையில் இருந்த யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. முதலாண்டு கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களிடம் கேட்டார். நான்கு காரணங்கள் சொன்னார்கள். படிக்கும் ஆர்வம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை.

ட்ரைஸ்மன் அதோடு விடவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடங்களுக்கெல்லாம் கூடவே போய்ப் பார்த்தார். குடும்பத்தாரிடம் பேசினார். நான்கு காரணங்களும் அடிபட்டுப் போயின. இந்தப் பிள்ளைகள் பள்ளியில் பேர் வாங்கியவர்கள். பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பல பெற்றோர் வெகு முன்பே முடிவெடுத்திருந்தார்கள். அதைவிட அதிர்ச்சி, கணக்கில் நல்ல மதிப்பெண்ணோடு வந்த கறுப்பின மாணவர்களிலேயே பலர் விழுந்திருந்தார்கள்.

வித்தியாசம் படிக்கும் முறையில் இருந்தது. சீன மாணவர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு மாலையில் ஒன்றுகூடினார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார். பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டார்கள். தான் வகுப்பில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. கறுப்பின மாணவர்கள் 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதை அப்படியே நம்பி, தனி அறையில் ஒழுங்காகப் படித்தார்கள். முதல் தேர்வு முடிவு வந்தபோதுதான் நிலைமை அவர்களுக்கே தெரிந்தது.

பின்தங்கியவர்களுக்கு உதவும் மையங்கள் கல்லூரியில் இருந்தன. இவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். ‘பின்தங்கியவர்’ என்ற பெயர்ப் பலகைக்குக் கீழே போய் நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அரை நூற்றாண்டு ஆன பின்பும் உயர்கல்வியின் பெரிய சிக்கல்களில் ஒன்று இதுவே. நன்றாகப் படிக்கும் மாணவர் தடுமாறும்போது யாருக்கும் தெரிவதில்லை, அவரும் சொல்வதில்லை. தெரியவரும்போது அவர் படிப்பை மாற்றியிருப்பார், வேறு கல்லூரிக்குப் போயிருப்பார், அல்லது வீட்டுக்கே திரும்பியிருப்பார். இந்த மௌனத்தை உடைக்க அமெரிக்கக் கல்லூரிகள் கையில் எடுத்திருக்கும் கருவிதான் ‘அகடமிக் அலர்ட்’.

அலர்ட் எப்படி வேலை செய்கிறது?

மாணவர் வழுக்கத் தொடங்கியதன் அறிகுறியை செமஸ்டர் முடிவதற்கு முன்பே கண்டுபிடித்து, கவனிக்க வேண்டியவரின் கணினித் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. அறிகுறி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, ஆசிரியர். செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில், வகுப்புக்கு வராதவர், அசைன்மென்ட் கொடுக்காதவர், தேர்வில் சறுக்கியவர் பெயருக்கு நேராக அவர் ஒரு கொடி போடுகிறார். இன்னொன்று, கணினி தானாகவே பிடிப்பது. பாடத்துக்கான இணையதளத்துக்குள் ஒரு வாரமாக நுழையவில்லை, எடுக்க வேண்டிய பாடத்தை எடுக்காமல் வேறொன்றைப் பதிவு செய்திருக்கிறார், அடுத்த செமஸ்டருக்கு இன்னும் பதிவே செய்யவில்லை என்பவை அந்த வகை.

உதாரணத்துக்கு ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் முதலிடம் வாங்கியவள், மருத்துவம் படிக்கும் ஆசையில் உயிரியல் சேர்ந்திருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் வேதியியல் முதல் தேர்வில் அவளுக்கு ‘சி’ வருகிறது. அது தேர்ச்சிதான். அலுவலகப் பதிவேட்டில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த இரண்டு வாரம் ஆய்வுக்கூட அறிக்கை தாமதமாகப் போகிறது. பேராசிரியரை அறையில் சந்திக்கும் நேரத்துக்கு அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. இந்த மூன்றும் தனித்தனியாக மூன்று பேரிடம் இருக்கும்வரை அவற்றுக்கு அர்த்தமே இல்லை. ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது ஆலோசகருக்கு விஷயம் புரிந்துவிடும். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டுப் பேசினால், அவளுக்குத் தேவை ஒரு படிப்புக் குழு மட்டும்தான் என்பது தெரியவரலாம். டிசம்பரில் கூப்பிட்டால், டாக்டர் ஆசையை அவள் ஏற்கெனவே கைவிட்டிருப்பாள்.

ஜார்ஜியாவில் நடந்த மாற்றம்

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அட்லான்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் அதிகம். 2003-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கே சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கியவர்கள் 32 சதவிகிதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பேர் வெறுங்கையோடு போனார்கள்.

திமத்தி ரெனிக் என்ற பேராசிரியர் தலைமையில் பல்கலைக்கழகம் தன் பழைய பதிவேடுகளைத் தோண்டியது. பத்தாண்டுகளில் மாணவர்கள் வாங்கிய சுமார் 25 லட்சம் கிரேடுகளை அலசினார்கள். வழக்கமான கணிப்புகளுக்கு மாறான விஷயங்கள் வெளிவந்தன. அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர் அந்தத் துறையின் முதல் பாடத்தில் நல்ல கிரேடு வாங்கினால், நான்கில் மூன்று பேர் அளவுக்குப் பட்டம் வரை போய்விடுகிறார்கள். அதே பாடத்தில் ‘சி’ வாங்கினால் நான்கில் ஒருவர்தான் தேறுகிறார். ‘சி’ என்பது தேர்ச்சி என்பதால், அதுவரை அந்த மாணவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. நர்சிங் படிப்பவர் தேறுவாரா என்பதைக் காட்டிக்கொடுத்ததில் முதலாண்டுக் கணிதப் பாடத்துக்குப் பெரிய பங்கு இருந்தது.

இப்படிக் கிடைத்த 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளை 2012 முதல் கணினி நாள்தோறும் ஒவ்வொரு மாணவர் பதிவிலும் தேடத் தொடங்கியது. அலர்ட் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆலோசகர் மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது விதி. அதற்காகவே 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். 700-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று இருந்தது, சுமார் 300 பேருக்கு ஒருவர் என்று ஆனது. அலர்ட்டின் பேரில் ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட நேரடிச் சந்திப்புகள் நடந்தன. பத்தாண்டு கழிந்த நிலையில் பட்டம் பெறுவோர் பங்கு 50 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தது. கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டம் வாங்கினார்கள்.

நல்ல மாணவரைத் தள்ளிவிட்ட ஒரு கோடு

ஜார்ஜியா மாநிலத்தில் ‘ஹோப்’ என்றொரு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது, லாட்டரி வருமானத்தில் நடப்பது. பள்ளியில் நல்ல கிரேடு வாங்கியவருக்குத்தான் கிடைக்கும். கல்லூரியிலும் 4-க்கு 3 என்ற சராசரிக்குக் கீழே இறங்கினால் போய்விடும். அதாவது, இந்தப் பணம் வாங்குபவர்கள் அத்தனை பேரும் வரும்போதே கெட்டிக்காரர்கள்.

ஜார்ஜியா ஸ்டேட் தன் கணக்கைப் பார்த்தபோது, 2008-இல் இந்த ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைத்தவர்களைவிட இழந்தவர்கள் பட்டம் பெறும் விகிதம் 40 புள்ளிகள் குறைவாக இருந்தது. இழந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பட்டம் வாங்கினார். 3.05 வைத்திருந்த மாணவர் 2.95-க்கு இறங்குவது படிப்பில் ஒரு சின்னச் சறுக்கல். வீட்டு வரவு செலவில் அது பெரிய இடி. கட்டணம் கட்ட வேலைக்குப் போவார், வேலையால் வகுப்பு தப்பும், வகுப்பு தப்பியதால் கிரேடு இன்னும் இறங்கும்.

இதற்காக அந்தப் பல்கலைக்கழகம் ‘கீப் ஹோப் அலைவ்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்காலர்ஷிப்பை இழந்த மாணவருக்கு செமஸ்டருக்கு 500 டாலர் கொடுத்தார்கள். அதோடு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும், படிப்புத் திறன் பயிற்சிக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

2011-இல் இன்னொன்றும் செய்தார்கள். படிப்பில் எந்தக் குறையும் இல்லாத, பட்டத்துக்கு அருகில் வந்துவிட்ட மாணவர்கள்கூட சில நூறு டாலர் பாக்கிக்காகப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது அப்போது தெரியவந்தது. அப்படிப்பட்டவர்களைக் கணினிப் பட்டியலில் தேடிப் பிடித்து, அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே பாக்கியை அடைத்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 900 டாலர் அளவுதான் ஆனது. நல்ல மாணவர் நின்றுபோகும் காரணம் எப்போதும் பாடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

மணி எந்த இடத்தில் அடிக்க வேண்டும்?

பெரும்பாலான கல்லூரிகளின் அலர்ட் முறை தோல்விக் கோட்டை வைத்து அமைக்கப்படுகிறது. ‘டி’ அல்லது ‘எஃப்’ வந்தால் மணி அடிக்கும். நன்றாகப் படிக்கும் மாணவருக்கு இந்த அமைப்பு எந்தப் பயனும் தருவதில்லை. 3.9-இலிருந்து 3.2-க்கு இறங்கியவர் இன்னும் பாதுகாப்பான இடத்தில்தான் நிற்கிறார் என்று கணினி சொல்லிக்கொண்டிருக்கும். அவரோ மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்.

மேரிலாண்ட் மாநிலத்தில் பால்டிமோர் அருகே இருக்கும் யூஎம்பிசி பல்கலைக்கழகம் இதைச் சரியாகப் பிடித்தது. கணிதவியலாளர் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி அங்கே கட்டியெழுப்பிய ‘மேயர்ஹாஃப்’ திட்டத்தில், 1989-இல் முதல் அணியாக 19 கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் அறிவியலிலும் கணிதத்திலும் கெட்டிக்காரர்கள். ஆராய்ச்சிப் பட்டம் வரை அவர்களைக் கொண்டுபோவது குறிக்கோள். அடிப்படை அறிவியல் பாடத்தில் ‘சி’ வாங்கினால் அதைத் திரும்பப் படிக்கும்படி அங்கே மாணவருக்கு அறிவுரை சொல்வார்கள். மேலே கட்டப்போகும் மாடிக்கு இந்தத் தளம் தாங்காது என்பது அவர்கள் வாதம். குழுவாகப் படிப்பது, ஒருவர் நிலைமையை மற்றவர் தெரிந்துவைத்திருப்பது, ஆலோசகர் அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் அங்கே அன்றாட வழக்கம். அமெரிக்காவில் அறிவியல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதில் அந்தப் பல்கலைக்கழகம் முன்வரிசைக்கு வந்தது.

நன்றாகப் படிக்கும் மாணவருக்கான அலர்ட் அவரை வகுப்புச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது, அவருடைய நேற்றைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் மணி அடிக்க வேண்டிய இடங்கள் இவை:

• வழக்கமான கிரேடிலிருந்து ஒரே தேர்வில் ஒரு படிக்கு மேல் இறங்குதல்.

• பிரதானப் பாடத்தின் முதல் தேர்விலேயே ‘சி’.

• ஸ்காலர்ஷிப் எல்லைக்கு மேலே மயிரிழையில் நிற்கும் சராசரி.

• திடீரென்று பிரதானப் பாடத்தை மாற்ற விண்ணப்பித்தல்.

• கிரேடு பட்டியலின் நகலைக் கேட்டல். வேறு கல்லூரிக்கு மாறத் தயாராகிறார் என்பதற்கு இது பெரும்பாலும் முதல் அடையாளம்.

• எல்லாப் பாடமும் சுலபமாக இருக்கிறது, சவாலே இல்லை என்ற சலிப்பு. நல்ல மாணவர்கள் கல்லூரி மாறுவதற்கு இதுவும் காரணம். எந்தக் கணினியும் இதைப் பிடிக்காது. ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.

‘நீ பின்தங்கியவன்’ என்று சொல்லாமல் உதவுவது

அலர்ட்டை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு டெக்சஸ் மாநிலம் நல்ல உதாரணம். 1997-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும், வகுப்பில் முதல் 10 சதவிகிதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. எல்லையோரச் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் ஏழைப் பகுதிகளிலிருந்தும் முதல் மாணவர்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு வந்தார்கள். 500 பேர் உட்காரும் வேதியியல் வகுப்பில் அவர்களில் பலர் மூழ்கிப்போனார்கள்.

அங்கே டேவிட் லாட் என்ற வேதியியல் பேராசிரியர், 1999-இல் தன் பெரிய வகுப்பில் தோற்கும் வாய்ப்புள்ள 50 மாணவர்களைப் பிரித்தெடுத்து ஒரு சின்ன வகுப்பு அமைத்தார். பாடத்தின் கனத்தைக் குறைக்கவில்லை. அதே விரிவுரை, அதே கேள்வித்தாள். கூடுதலாக, பேச்சுத்துணைக்கு மூத்த மாணவர், தனி ஆலோசகர், அதிக நேரம் பயிற்சி. செமஸ்டர் முடிவில் இந்த 50 பேரும் பெரிய வகுப்பு மாணவர்களுக்கு இணையான கிரேடு வாங்கினார்கள்.

2012-இல் பட்டம் பெறும் விகிதத்தை உயர்த்தும் பொறுப்பு லாட் கையில் வந்தது. நான்கு ஆண்டில் பட்டம் வாங்குபவர் அப்போது 52 சதவிகிதம். பழைய மாணவர்களின் தகவலை வைத்துக் கணிப்புப் பலகை ஒன்றை உருவாக்கி, 2013-இல் சேர்ந்த சுமார் 7,200 பேரில் நான்கு ஆண்டில் முடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவாகத் தெரிந்த 1,200 பேரை அடையாளம் கண்டார்கள். அவர்களில் பணநெருக்கடியும் உள்ள 500 பேரை ‘பல்கலைக்கழகத் தலைமைப் பண்பு வலையமைப்பு’ என்ற திட்டத்தில் சேர்த்தார்கள். ஆண்டுக்கு 5,000 டாலர் ஸ்காலர்ஷிப், வாராவாரம் கூட்டம், வளாகத்தில் வேலைப் பயிற்சி. கணினி என்ன கணித்தது என்பதை அந்த மாணவர்களிடம் சொல்லவில்லை. தலைவர்களாக வரக்கூடியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டதாகத்தான் சொன்னார்கள். பொறுப்பும் கொடுத்தார்கள். 2018-இல் நான்கு ஆண்டு பட்ட விகிதம் 70 சதவிகிதத்தை நெருங்கியது.

ட்ரைஸ்மனும் பெர்க்லியில் இதையேதான் செய்திருந்தார். தோற்றவர்களுக்கான ட்யூஷன் என்று அவர் பெயர் வைக்கவில்லை. பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போராடச் சொன்னார். சிறந்த மாணவர்களுக்கான பட்டறை என்றே அதை நடத்தினார். முன்பு ஒதுங்கிப்போன அதே வகை மாணவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள், தேறினார்கள்.

இன்று பல கல்லூரிகள் பயன்படுத்தும் ‘ஸ்டார்ஃபிஷ்’ மென்பொருளில் எச்சரிக்கைக் கொடிக்குப் பக்கத்திலேயே ‘குடோஸ்’ என்ற பாராட்டுக் குறிப்பும் இருக்கிறது. நன்றாக எழுதிய மாணவருக்கு ஆசிரியர் இரண்டு வரி அனுப்பலாம். பாராட்டும் அதே இடத்திலிருந்து வந்து பழகினால்தான், எச்சரிக்கை வரும்போது மாணவர் பயப்படாமல் திறந்து பார்ப்பார்.

கருவி மட்டும் போதுமா?

போதாது என்பதற்குக் கைமேல் சான்று இருக்கிறது. இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு. இந்தப் பாடங்களை எடுத்தவர்கள் கல்லூரியில் அதிகம் தங்குகிறார்கள் என்று அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2013-இல் மைக் கால்ஃபீல்டு, ஆல்ஃப்ரட் எஸ்ஸா என்ற இருவர் ஓட்டையைக் காட்டினார்கள். நீண்ட காலம் படிப்பவர் இயல்பாகவே அதிகப் பாடங்களை எடுப்பார், அதில் சிக்னல் பாடங்களும் அதிகம் இருக்கும். தங்கியதால் சிக்னல் கூடியதா, சிக்னலால் தங்கினார்களா? மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் இதே முடிவு வரும் என்று எஸ்ஸா காட்டினார்.

அதைவிடக் கனமான சான்று அடுத்து வந்தது. ஜார்ஜியா ஸ்டேட் தலைமையில் 11 அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, சுமார் 10,000 ஏழை, முதல் தலைமுறை மாணவர்களை வைத்துப் பெரிய சோதனை நடத்தின. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அலர்ட்டோடு கூடிய தீவிர ஆலோசனை கிடைத்தது, மீதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை. மொத்தமாகப் பார்த்தபோது குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் தெளிவான பலன் தெரிந்தது. மணி எல்லா இடத்திலும் அடித்தது. அந்தப் பல்கலைக்கழகம்தான் பல ஆண்டுகளாகத் தன் அலுவலகம், பணம், ஆட்கள், பழக்கம் அத்தனையையும் அதற்கேற்ப மாற்றி வைத்திருந்தது.

கருவி கெட்ட கையில் போனால் ஆபத்தும் உண்டு. மேரிலாண்டின் மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில், தேறமாட்டார்கள் என்று தோன்றும் புதிய மாணவர்களை ஒரு சர்வே மூலம் கண்டுபிடித்து, ஆரம்ப வாரங்களிலேயே அனுப்பிவிட்டால் தங்கும் விகிதம் நன்றாகத் தெரியும் என்று அதன் தலைவர் சைமன் நியூமன் திட்டமிட்டார். மாணவர் பத்திரிகை ‘மவுண்டன் எக்கோ’ அதை வெளியே கொண்டுவந்தது. 2016 பிப்ரவரியில் அவர் பதவி விலக நேர்ந்தது. 2021-இல் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் இன்னொன்றை வெளியிட்டது. பல பெரிய பல்கலைக்கழகங்களின் கணிப்பு மென்பொருள் இனத்தையும் ஒரு காரணியாக எடுத்துக்கொண்டு, கறுப்பின மாணவர்களை வெள்ளை மாணவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ‘அபாயம்’ என்று குறித்திருந்தது. தகுதியோடு கடினமான துறைக்கு வரும் மாணவியை, ‘இது உனக்கு வேண்டாம், சுலபமானதை எடு’ என்று ஓர் ஆலோசகர் திருப்பிவிட இப்படி ஒரு சிவப்புப் புள்ளி போதும். மாணவர் மாற்றிக்கொள்ள முடியாத எதையும் கணிப்பில் சேர்க்கக் கூடாது. மாணவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் வைத்து மட்டுமே மணி அடிக்க வேண்டும்.

நம் வளாகங்களில்

டெக்சஸின் சட்டத்தோடு ஒப்பிடத்தக்க ஒன்று தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு சட்டமானது. அதன் வழியாகக் கல்லூரிக்குள் நுழைபவர்களில் பலர் அந்தந்தப் பள்ளியின் பெருமை. தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகமும் ஆங்கில விரிவுரையுமாகப் பொறியியல் கணிதத்தைச் சந்திக்கிறார்கள். பெர்க்லியின் 18 பேரைப் போல இவர்களும் விடுதி அறையில் தனியே உட்கார்ந்து, தூக்கம் விட்டுப் படிக்கிறார்கள். கேட்டால் ‘ஓகே சார்’ என்பார்கள்.

இவர்களைக் கவனிக்கத் தேவையான தகவல் நம் கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. இன்டர்னல் மதிப்பெண் இருக்கிறது, 75 சதவிகித வருகைப்பதிவுக் கணக்கு இருக்கிறது, ஒவ்வொரு ஆசிரியர் பொறுப்பிலும் சில மாணவர்களை ஒப்படைக்கும் மென்டார் முறை இருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் மாணவர் வரவில்லை என்றால் எஸ்எம்எஸ் அப்பாவின் போனுக்குப் போகிறது. எங்கோ வேலையில் இருக்கும் அப்பா என்ன செய்ய முடியும்? திட்டுவார். பையன் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பான். அதே செய்தி மென்டாருக்குப் போய், அவர் அன்றே கூப்பிட்டு ‘என்னப்பா ஆச்சு’ என்று கேட்டால் அது உதவி. மென்டார் கோப்பு தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்காக மட்டும் நிரப்பப்படுமானால், அதிலிருந்து ஒரு மாணவரும் காப்பாற்றப்படமாட்டார். அரியர் விழுந்த பிறகுதான் மாணவரைப் பார்ப்பது என்ற வழக்கம் இருக்கும்வரை, அரியர் விழாமலே மனம் உடைந்துபோகும் நல்ல மாணவர்கள் நம் கண்ணில் படப்போவதில்லை.

கல்லூரி ஆசிரியர்களே, அடுத்த இன்டர்னல் முடிந்ததும் பட்டியலைக் கீழிருந்து மட்டும் படிக்காதீர்கள். 85-இலிருந்து 65-க்கு வந்த பெயர் எது என்று மேலேயும் பாருங்கள். அந்தப் பெயருக்கு உரியவரைத் தனியாகக் கூப்பிட்டு, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் யாரோடு சேர்ந்து படிக்கிறாய், கட்டணம் கட்டியாயிற்றா, சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கல்லூரி நிர்வாகங்களே, மென்பொருள் வாங்குவதற்கு முன் இந்த உரையாடலுக்கு ஆசிரியரின் கால அட்டவணையில் நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர்களே, பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைக்கும் கல்லூரியில் உதவி தேவைப்படும், அதைக் கேட்பது அவமானம் இல்லை என்று சேர்க்கும் நாளிலேயே அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.